சைக்கோவ்ஸ்கியின் செரினேட்: எந்தப் பதிவு, ஏன்?

கேள்வி இது: சைக்கோவ்ஸ்கியின் 'தந்திக் குழுவுக்கான செரினேட்' (சி மேஜர், ஓபஸ் 48) கரயான் நடத்திய பதிவில் மட்டுமே பல வருடமாகப் பழகியிருக்கிறது. இப்போது மாரினர் நடத்திய பதிவைக் கேட்டால் வேறு யாரோ எழுதிய இசைபோல இருக்கிறது. இரண்டில் எது சரி? வாங்குவதானால் எதை வாங்கலாம்?

சுருக்கமான பதில் வேண்டுமென்றால், கையிலிருக்கும் கரயானை விட்டுவிட வேண்டாம். அதோடு இரண்டு பதிவுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று பார்பிரோலி 1964இல் லண்டன் சிம்ஃபொனி இசைக்குழுவின் தந்திக் குழுவோடு செய்தது. மற்றது மாரினரும் அகாடமி ஆஃப் செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ் குழுவும் ஆர்கோ நிறுவனத்துக்காக 1968இல் செய்தது. இந்த மூன்றும் இருந்தால் இந்தப் படைப்பை எத்தனை விதமாக வாசிக்கலாம் என்பதில் பெரும்பகுதி உங்களிடம் வந்துவிடும். எது சரி என்ற கேள்விக்குத்தான் நீண்ட பதில் தேவைப்படுகிறது. ஏனென்றால் குழப்பம் நடத்துநர்களிடம் தொடங்கவில்லை, ஸ்கோரிலேயே, அதாவது ஆசிரியர் இசையை எழுதிவைத்த தாளிலேயே இருக்கிறது.

சைக்கோவ்ஸ்கி இதை 1880 இலையுதிர் காலத்தில், உக்ரைனில் கமென்கா என்ற ஊரில் தன் தங்கையின் குடும்பத்தோடு இருந்தபோது எழுதினார். பீரங்கியும் மணியும் முழங்கும் '1812' ஓவர்ச்சர் வேலையும் அதே வாரங்களில்தான் நடந்தது. இரண்டையும் பற்றித் தன் புரவலர் நதேஷ்தா ஃபான் மெக்குக்கு எழுதியபோது, ஓவர்ச்சரை அன்பில்லாமல் எழுதியதாகவும், செரினேட் உள்ளிருந்து வந்த உந்துதலால் பிறந்ததாகவும் சொன்னார். செரினேடின் நான்கு பகுதிகளில் முதலாவது மொட்ஸார்ட்டுக்குத் தான் செலுத்தும் வணக்கம், அவருடைய பாணியைத் தெரிந்தே பின்பற்றியது என்றும் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டால் சிறிய குழு, தெளிவான வில், இறுக்கமான லயம் என்றுதான் தோன்றும். ஆனால் ஸ்கோரின் தொடக்கத்திலேயே அவர் இன்னொரு குறிப்பும் எழுதி வைத்தார்: தந்திக் குழுவில் ஆட்கள் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு ஆசிரியரின் விருப்பம் நிறைவேறும் என்று. மொட்ஸார்ட் வேண்டும், அதுவும் பெரும்படையோடு வேண்டும். ஒவ்வொரு பதிவும் இந்த இரண்டில் ஒன்றின் பக்கம் சாய்ந்துதான் ஆக வேண்டும்.

ஆள் எண்ணிக்கை வெறும் சத்த அளவை மட்டும் மாற்றுவதில்லை. பெரிய சிம்ஃபொனிக் குழுவின் தந்திப் பிரிவு முழு அளவில் உட்கார்ந்தால் முதல் வயலின் 16, இரண்டாம் வயலின் 14, வியோலா 12, செல்லோ 10, டபுள் பேஸ் 8 என்று 60 பேர். சேம்பர் குழுவில் மொத்தமே 20 பேர் சுற்றி இருப்பார்கள். 16 வயலின்கள் ஒரே சுரத்தை வாசிக்கும்போது ஒவ்வொருவரின் சுருதியிலும் வைப்ரேட்டோவிலும் (சுரத்துக்குக் கொடுக்கும் மெல்லிய அசைவு) இருக்கும் மிகச் சிறிய வித்தியாசங்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரு மினுமினுப்பாக மாறும். தனி வில்லின் ஓசை காதில் விழாது. அதே வரியை நான்கைந்து பேர் வாசித்தால் வில் தந்தியைக் கவ்வும் நொடியே கேட்கும். கொஞ்சம் சுருதி பிசகினாலும் மறைக்க இடமில்லை. இன்னொரு வித்தியாசம் மெல்லிய இடங்களில் தெரியும். 60 பேர் சேர்ந்து மிக மெதுவாக வாசிப்பதில் ஒரு ஆழம் உண்டு, அடியில் 8 டபுள் பேஸ்கள் இருப்பதால். அது சிறிய குழுவால் முடியாத காரியம். பதிலுக்குச் சிறிய குழு, உள் குரல்களில், குறிப்பாக வியோலாவிலும் இரண்டாம் வயலினிலும், என்ன நடக்கிறது என்பதைத் திறந்து காட்டும்.

ஒப்பிட்டுக் கேட்க நான்கு இடங்களை எடுத்துக்கொண்டால் போதும். முழுப் படைப்பையும் பத்துப் பதிவுகளில் கேட்டால் காது களைத்து, கடைசியாகக் கேட்டதே நல்லதாகத் தோன்றும்.

முதல் இடம், தொடக்கத்தின் 36 பார் (தாளச் சுற்று) அறிமுகம். ஆறெட்டுத் தாளம், 'ஆண்டான்டே நான் ட்ரோப்போ', அதாவது நடையோடு, ரொம்ப மெதுவாக வேண்டாம். வேகத்தைக் கண்டுபிடிக்க மெட்ரோநோம் வேண்டாம், கடிகாரம் போதும். எட்டாம் சுரம் என்பது முழு நீளச் சுரத்தில் எட்டில் ஒரு பங்கு நீளமுள்ளது; ஒரு பாருக்கு 6 எட்டாம் சுரம் என்றால் 36 பாருக்கு 216. வேகமான பகுதி ஆரம்பிக்கும்போது மணி பாருங்கள். 1 நிமிடம் 45 விநாடி ஆகியிருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 123 எட்டாம் சுரம், நடை இருக்கிறது. 2 நிமிடம் 10 விநாடி ஆகியிருந்தால் 100தான்; நடை நின்று ஊர்வலமாகிவிட்டது. இடையில் இழுத்துப் பிடிக்கும் இடங்கள் இருப்பதால் கணக்கு தோராயம்தான், ஆனால் இரண்டு பதிவுகளை அருகருகே வைக்க இது போதும்.

வேகத்தைவிட முக்கியமானது வில். அந்த வரிக்கு மேல் 'ஸெம்ப்ரே மார்க்காட்டிஸ்ஸிமோ' என்று எழுதியிருக்கிறது: ஒவ்வொரு சுரத்தையும் தொடர்ந்து அழுத்திச் சொல்ல வேண்டும். வயலின்களுக்கும் வியோலாக்களுக்கும் இரண்டு தந்திகளைச் சேர்த்து இழுக்கும் சுரக்கட்டுகளை நிறைய எழுதியிருப்பதால், 20 பேர் இருந்தாலும் 40 பேர்போலக் கேட்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அவர் கேட்டது ஒரு ஆர்கனின் கனமும், சுரத்துக்குச் சுரம் தெளிவான அழுத்தமும். இதை ஒரே வழவழப்பான நீளமான கோடாக இழுத்துவிடுவதுதான் பெரிய குழுக்களில் அடிக்கடி நடக்கும் தவறு. அழகாகத்தான் இருக்கும். ஆனால் சுரங்களின் எடை போய்விட்டால், கடைசிப் பகுதியில் இந்த மெட்டு திரும்பி வரும்போது அதன் அர்த்தமும் பாதி போய்விடும். அதற்குக் கீழே வருகிறேன்.

இரண்டாம் இடம், அதே முதல் பகுதியின் வேகமான பாகத்தில் வரும் இரண்டாவது மெட்டு. பொடிப் பொடியாக, எட்டாம் சுரத்தில் பாதி நீளமே உள்ள பதினாறாம் சுரங்கள் துள்ளி ஓடும் பகுதி அது. மொட்ஸார்ட் இங்கேதான் இருக்கிறார். வில் தந்தியிலிருந்து துள்ள வேண்டும், சத்தம் சின்னதாக இருக்க வேண்டும், முதல் வயலினும் இரண்டாம் வயலினும் வரியைக் கைமாற்றிக்கொள்வது கேட்க வேண்டும். எதிரொலி அதிகமுள்ள அரங்கில் 60 பேர் இதை வாசித்தால் ஒரு சுரத்தின் வால் அடங்கும் முன் அடுத்தது வந்துவிடும், கூழாகிவிடும். பெரிய குழுப் பதிவுகளை வடிகட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது. சிறிய குழுக்களுக்கு ஆபத்து வேறு மாதிரி. சுத்தமாக வாசித்துவிட்டோம் என்ற திருப்தியில் பயிற்சிப் பாடம்போல ஒலித்துவிடும். இந்தப் பகுதிக்கு 'சோனட்டினா வடிவத்தில் ஒரு துண்டு' என்று பெயர் வைத்திருக்கிறார் ஆசிரியர். மெட்டுகளை உடைத்து விரிக்கும் வளர்ச்சிப் பாகம் என்று தனியாக எதுவும் இல்லாமல் மெட்டுகள் நேராகத் திரும்பி வருவதால், இரண்டாம் முறையும் அதே முகத்தோடு வாசித்தால் சலிப்புத் தட்டும்.

இரண்டாம் பகுதி வால்ஸ், மூன்றடித் தாளத்தில் சுழலும் நடன இசை. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பீட்டர்ஸ்பர்க்கில் 1881இல் நாப்ரவ்னிக் நடத்திய முதல் பொது அரங்கேற்றத்திலேயே மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்ட பகுதி அது. யார் வாசித்தாலும் ஓரளவு எடுபடும். மெட்டு ஏறும்போது உச்சிச் சுரத்தில் எவ்வளவு நேரம் தங்குகிறார்கள், இறங்கும்போது தங்கிய நேரத்தைத் திருப்பித் தருகிறார்களா என்று கவனியுங்கள். திருப்பித் தராதவர்கள் கையில் வால்ஸ் நொண்டும். இரண்டாம், மூன்றாம் அடிகளில் வரும் பின்னணி ஒரே கனத்தில் விழுந்தாலும் அதேதான். இரண்டாவது அடி கொஞ்சம் முன்னால் சாய வேண்டும், மூன்றாவது பறக்க வேண்டும்.

மூன்றாம் இடம், மூன்றாம் பகுதியான எலிஜி, அதாவது இரங்கல் இசை. இதில்தான் பதிவுகள் ஒன்றைவிட்டு ஒன்று வெகுதூரம் விலகுகின்றன. ஒரு பதிவில் 8 நிமிடம், இன்னொன்றில் 10 நிமிடத்தை நெருங்கும். இங்கே கவனிக்க வேண்டியது முதல் வயலினின் பாட்டு இல்லை. அது எல்லோரிடமும் நன்றாகவே இருக்கும். அதற்கு அடியில், வில் இல்லாமல் விரலால் மீட்டும் மும்மூன்று சுரப் பின்னணியைக் கேளுங்கள். எலிஜியை நகர்த்துவது அதுதான். மெலடியில் மயங்கி நடத்துநர் நேரத்தை இழுக்க இழுக்க, மீட்டும் கைகள் எப்போது மீட்டுவது என்று தெரியாமல் தடுமாறும்; மும்மூன்று சுரங்கள் சமமில்லாமல் சிதறும். ஹெட்ஃபோனில் கேட்டால் இது நன்றாகத் தெரியும். நல்ல பதிவில் மெட்டு சுதந்திரமாக மிதக்க, கீழே மீட்டல் மூச்சுபோல ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். பிறகு மெட்டு வியோலாவுக்கும் செல்லோவுக்கும் இறங்கும்போது வயலின்கள் வழிவிடுகின்றனவா என்றும் பாருங்கள். பாதிப் பதிவுகளில் விடுவதில்லை.

நான்காவது இடம் கடைசிப் பகுதி, அதிலும் கடைசி இரண்டு நிமிடம். பகுதியின் தலைப்பிலேயே 'ரஷ்ய மெட்டு' என்று இருக்கிறது. இரண்டு நாட்டுப்பாடல்களை எடுத்திருக்கிறார். மியூட் (ஓசையை அடக்கும் சிறு கவ்வி) பொருத்தி மெதுவாகத் தொடங்கும் அறிமுகத்தில் வோல்கா நதிக்கரைப் படகு இழுப்பவர்களின் பாட்டு. பிறகு 'பச்சை ஆப்பிள் மரத்தடியில்' என்ற ஆட்டப் பாட்டு, விரட்டி விரட்டிச் சுற்றிச் சுற்றி வரும். இடையில் இ ஃப்ளாட் மேஜரில் செல்லோக்களுக்கு ஒரு நீண்ட மெட்டு. பெரிய குழுவில் அது தேன். முடியும் தறுவாயில் எல்லாம் திடீரென்று நின்று, முதல் பகுதியின் அறிமுகம் அதே கம்பீரத்தோடு திரும்பி வரும். வேகம் மெல்ல மெல்லக் கூடும். கூடக்கூட, மேலிருந்து படிப்படியாக இறங்கும் அந்தப் பெரிய மெட்டும், ஆப்பிள் மரத்தடி ஆட்டப் பாட்டும் ஒரே இறங்கு சுரங்களால் ஆனவை என்பது காதுக்குத் தெரியவரும். 28 அல்லது 30 நிமிடமாக ஆசிரியர் கையில் மறைத்து வைத்திருந்த சீட்டு அதுதான்.

இந்த இடத்தில் மூன்று விதமாகத் தவறு நடக்கும். தொடக்கத்தில் நடையோடு போன மெட்டைத் திரும்பி வரும்போது இரு மடங்கு கனமாக, சிலை திறப்பு விழாபோல வாசிப்பது ஒன்று. வேகத்தைப் படிப்படியாகக் கூட்டாமல் ஒரே தாவலில் ஆட்டத்துக்குத் தாவிவிடுவது இன்னொன்று. ஒற்றுமை காதில் விழாமலே போகும். தொடக்கத்தில் சுரங்களை வழவழப்பாக இழுத்துவிட்டு இங்கே வெட்டி வெட்டி வாசிப்பது மூன்றாவது. முதல் 36 பாரில் அழுத்தம் ஏன் முக்கியம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். ஒரு பதிவின் முதல் இரண்டு நிமிடத்தையும் கடைசி இரண்டு நிமிடத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால், நடத்துநர் இந்தப் படைப்பை முழுசாக யோசித்திருக்கிறாரா, பகுதி பகுதியாக ஓட்டிவிட்டாரா என்பது தெரிந்துவிடும்.

இனிப் பதிவுகள்.

பார்பிரோலியின் 1964 பதிவை முதலில் வைப்பதற்குக் காரணம் அவர் செல்லோ வாசித்து வளர்ந்தவர் என்பது. வில்லுக்குள் எவ்வளவு பாட்டு இருக்கிறது என்று தெரிந்த கை. பெரிய தந்திக் குழுவின் கனம் முழுக்க இருக்கிறது, ஆனாலும் வரிகள் எப்போதும் எங்கோ போய்க்கொண்டிருக்கின்றன. சொற்றொடரின் உச்சியில் சாய்ந்து, மூச்சு வாங்கி, அடுத்ததற்குப் போவார். எலிஜியில் இந்தச் சாய்வு சிலருக்கு அதிகப்படியாகத் தோன்றலாம். பொடிச் சுரங்களில் லண்டன் சிம்ஃபொனி மாரினர் குழு அளவுக்குத் துல்லியம் இல்லை என்பதும் உண்மை. ஆசிரியர் ஸ்கோரில் எழுதிய 'ஆட்கள் அதிகம் வேண்டும்' என்ற ஆசைக்கு அன்போடு பதில் சொன்ன பதிவு இதுதான் என்பது என் கணிப்பு. கூடவே அரென்ஸ்கியின் 'சைக்கோவ்ஸ்கி மெட்டின் மீதான மாறுபாடுகள்' இருக்கிறது. சைக்கோவ்ஸ்கி இறந்த மறுவருடம், 1894இல், அவர் நினைவாக எழுதியது. தந்திக் குழு இசையை விரும்புகிறவர்கள் இதற்காகவே இந்தத் தட்டை வாங்கலாம். இஎம்ஐ வெளியிட்டது, இப்போது வார்னர் பெயரில் கிடைக்கிறது.

உங்களிடம் இருக்கும் கரயான் எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குடன் டாய்ச்ச கிராமஃபோனுக்காக இரண்டு முறை பதிவு செய்திருக்கிறார், இரண்டையும் குழப்பிக்கொள்வது சுலபம். 1966இல் பெர்லினின் இயேசு கிறிஸ்து தேவாலயத்தில் பதிவானது பழையது. அது 'நட்கிராக்கர்' தொகுப்போடு வந்தது. 1980இல் டிஜிட்டலில் பதிவானது புதியது. அது செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கின் செரினேடோடு வந்தது. பழையதில் தேவாலயத்தின் எதிரொலி தந்திகளைச் சுற்றி ஒரு வெதுவெதுப்பைத் தருகிறது, கீழ்ச் சுரங்கள் ஆழமாக இருக்கின்றன. எலிஜி அந்தக் குழுவின் உச்ச காலச் சாட்சி: வில் எங்கே திரும்புகிறது என்றே கேட்காது. அதே குணம்தான் அறிமுகத்தில் குறையாகிறது. மார்க்காட்டிஸ்ஸிமோ என்ற சொல்லைக் கரயான் படித்ததாகத் தெரியவில்லை. 1980 பதிவில் அழுத்தம் கூடியிருக்கிறது, ஆனால் ஆரம்பகால டிஜிட்டலின் கூர்மை வயலின்களின் மேல் சுரங்களில் உறைக்கிறது. பிரகாசமான ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு நீண்ட நேரம் கேட்கத் தலைவலிதான். உங்களிடம் 1980 பதிவு இருந்து, மாரினர் அந்நியமாகத் தோன்றியிருந்தால், 1966ஐ ஒரு முறை கேட்டுவிட்டு மறுபடி முடிவெடுங்கள்.

மாரினரும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பதிவு செய்தவர். 1968 ஆர்கோ பதிவு சைக்கோவ்ஸ்கியின் 'ஃப்ளோரன்ஸ் நினைவு' இசையோடு சேர்ந்து வந்தது. 1982 பிலிப்ஸ் பதிவு த்வோர்ஷாக்கின் செரினேடோடு வந்தது. ஆர்கோவும் பிலிப்ஸும் இப்போது டெக்கா பெயருக்குள் போய்விட்டதால், ஸ்ட்ரீமிங்கில் இரண்டும் ஒரே லேபிள், ஒரே குழு, ஒரே நடத்துநர் என்று நிற்கும். பதிவு செய்த வருடம் குறிப்பிடாமல் மறுவெளியீட்டு வருடத்தை மட்டும் போட்டிருப்பார்கள். அதனால் கூட என்ன இருக்கிறது என்று பார்த்து அடையாளம் காண்பதே பாதுகாப்பு. 1968 பதிவில் ஆட்கள் குறைவு, ஆர்வம் அதிகம். பொடிச் சுரங்கள் பொரிகின்றன; முதல் பகுதி நிஜமாகவே மொட்ஸார்ட்டை வணங்குகிறது; கடைசியில் அறிமுகம் திரும்பி ஆட்டமாக மாறும் இடம் ஒரே ஓட்டத்தில், தையல் தெரியாமல் நடக்கிறது. குறை எலிஜியில்: பாட்டு அழகாக இருக்கிறது, ஆனால் அடியில் பேஸ்களின் ஆழம் போதவில்லை. 1982 பதிவு ஒலியில் செழிப்பானது, வாசிப்பில் நிதானமானது. நல்ல பதிவுதான்; ஆனால் கரயானிடமிருந்து எவ்வளவு தூரம் விலகிப் போகலாம் என்று தெரிந்துகொள்ள 1968தான் உதவும்.

சிறிய குழுவின் பாதையில் இன்னும் கொஞ்சம் போக விரும்பினால், நடத்துநரே இல்லாமல் வாசிக்கும் ஆர்ஃபியஸ் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா 1980களில் டாய்ச்ச கிராமஃபோனுக்குச் செய்த பதிவு இருக்கிறது, க்ரீகின் 'ஹோல்பெர்க் தொகுப்பு' கூட உண்டு. நால்வர் இசை வாசிப்பவர்களின் காது அது; ஒருவரை ஒருவர் கேட்டு வாசிக்கிறார்கள். வால்ஸில் வேகம் இழுக்கும் இடங்களை எல்லோரும் சேர்ந்தே முடிவு செய்திருப்பதால் கொஞ்சம் அடக்கமாக இருக்கும், திடீர் சாகசம் எதுவும் கிடைக்காது. புதிய ஒலி வேண்டுமென்பவர்கள் லண்டன் சிம்ஃபொனியின் தந்திக் குழுவைக் குழுத் தலைவர் ரோமன் ஸிமோவிச் வயலினில் இருந்தபடியே வழிநடத்திய பதிவைக் கேட்கலாம். லண்டன் சிம்ஃபொனியின் சொந்த லேபிளில் 2014இல் வந்தது, பார்டோக்கின் 'டிவெர்ட்டிமெண்டோ'வோடு. தொடக்கத்தின் சுரக்கட்டுகளில் வில் தந்தியைக் கவ்வுவது இதில் நேராகக் கேட்கிறது. 'மார்க்காட்டிஸ்ஸிமோ' என்றால் என்ன என்று ஒருவருக்குப் புரியவைக்க நான் இதைத்தான் போட்டுக்காட்டுவேன். இதே லண்டன் சிம்ஃபொனிதான் 50 வருடம் முன்பு பார்பிரோலியோடு வாசித்தது. ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இருந்த இரண்டு தலைமுறைகளை ஒப்பிடும் வாய்ப்பும் கிடைக்கிறது.

பழைய பதிவுகளில் மெங்கெல்பெர்க் 1938இல் ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபவ் குழுவோடு டெலிஃபுங்கனுக்குச் செய்ததை ஒருமுறையாவது கேட்க வேண்டும். அதில் வயலின்கள் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகின்றன. மேற்கில் போர்ட்டமென்டோ என்பார்கள். கர்நாடக இசையில் ஜாருவைக் கேட்டுப் பழகிய காதுக்கு அது விநோதமாக இருக்காது. முழுப் பிரிவும் ஒரே இடத்தில், ஒரே அளவில் வழுக்குகிறது என்பதுதான் வியப்பு. ஒத்திகையில் எழுதி வைத்துப் பழகாமல் இப்படி வராது. வேகமும் வரிக்கு வரி மாறும். வால்ஸில் மெட்டு திரும்புவதற்கு முன் அவர் எடுக்கும் நேரத்தை இன்று எந்த நடத்துநரும் எடுக்கத் துணிவதில்லை. சைக்கோவ்ஸ்கி இறந்தபோது மெங்கெல்பெர்க்குக்கு வயது 22. ஆசிரியர் காலத்து வாசிப்புப் பழக்கத்துக்கு மாரினரைவிடவும் கரயானைவிடவும் இவர் கிட்டத்தில் நிற்கிறார் என்று வாதிட இடமுண்டு. இதை உங்கள் ஒரே பதிவாக வைத்துக்கொள்ள முடியாது, ஆனால் இதைக் கேட்ட பிறகு மற்றவர்கள் எல்லோரும் கொஞ்சம் பத்தியமாகத்தான் தெரிவார்கள்.

பாஸ்டன் சிம்ஃபொனிக்கு இந்தப் படைப்பில் தனி மரபே உண்டு. கூஸெவிட்ஸ்கி 1949இல் ஆர்சிஏவுக்குச் செய்தார். டபுள் பேஸ் வாசித்துப் பேர் வாங்கியவர் என்பதாலோ என்னவோ, அடித்தளம் அவர் பதிவில் எப்போதும் உறுதியாக இருக்கிறது. மோனோ ஒலியிலும் அது தெரிகிறது. அவருக்குப் பின் வந்த மூன்ஷ் 1957இல் அதே குழுவோடு செய்த பதிவு துடிப்பானது, கடைசிப் பகுதியில் பொறி பறக்கிறது. ஆனால் மெல்லிய இடங்களில் நின்று பார்க்கப் பொறுமை இல்லை.

வீட்டில் உட்கார்ந்து ஒப்பிடும்போது சில விஷயங்களைச் சரிசெய்யாவிட்டால் முடிவு தப்பாகத்தான் வரும். இரண்டு பதிவுகளில் ஒன்று ஒரு டெசிபெல் சத்தமாக இருந்தாலே, சத்தமானதுதான் செழிப்பாகவும் தெளிவாகவும் தோன்றும். பெரிய குழுப் பதிவுகள் பலமுறை ஜெயிப்பது இதனால்தான். அறிமுகத்தின் முதல் சுரக்கட்டுகள் இரண்டிலும் ஒரே அளவில் கேட்கும்வரை வால்யூமைத் திருத்திவிட்டு ஆரம்பியுங்கள். ஸ்ட்ரீமிங் செயலியில் சத்தத்தைச் சமன் செய்யும் வசதி இருந்தால் அதை 'ஆல்பம்' அளவுக்கு வையுங்கள், 'டிராக்' அளவுக்கு வேண்டாம். டிராக் அளவில் வைத்தால் எலிஜியைத் தூக்கி, கடைசிப் பகுதியை அமுக்கிவிடும். ஆசிரியர் எழுதிய ஏற்ற இறக்கம் காணாமல் போகும். ஒரு பாட்டு முடியும் முன் அடுத்ததைக் கலக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். எலிஜி டி மேஜரில் கரைந்து அடங்க, கடைசிப் பகுதி ஜி மேஜரில் மியூட்டோடு மெதுவாக எழுந்து, அங்கிருந்து சி மேஜர் ஆட்டத்துக்குப் படியேறும். நடுவில் இருக்கும் மௌனம் அந்தப் படிகளில் ஒன்று. அதை விழுங்கிவிட்டால் கடைசிப் பகுதியின் தொடக்கம் புரியாது.

மெங்கெல்பெர்க், கூஸெவிட்ஸ்கி போன்ற பழைய பதிவுகளில் எந்த மறுவெளியீட்டை எடுக்கிறோம் என்பது பாதி முடிவு. இரைச்சலை முழுக்க அகற்றிவிட்டோம் என்று பெருமைப்படும் வெளியீடுகளில் இரைச்சலோடு வில்லின் கரகரப்பும் போயிருக்கும். வயலின்கள் மெழுகு பூசியதுபோல ஒலிக்கும். பின்னணியில் சீரான 'ஸ்ஸ்' சத்தம் இருக்கும் வெளியீட்டைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு நிமிடத்தில் காது அதைப் புறக்கணிக்கப் பழகிவிடும். 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிடத்துக்கு மேல் இடமில்லாததால், அந்தக் காலத்தில் இடத்துக்காக வெட்டி வாசிப்பது சாதாரணம். கடைசிப் பகுதி வழக்கமாக 7, 8 நிமிடம் வரும். ஒரு பழைய பதிவில் அதைவிட மிகவும் குறைந்து, ஆனால் வேகம் அப்படியொன்றும் கூடுதலாக இல்லையென்றால், எங்கோ கத்தி விழுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பாலே பார்த்துவிட்டு இதைத் தேடி வருபவர்களுக்கு ஒரு குறிப்பு: 1934இல் பாலன்சின் இந்த இசைக்கு அமைத்த நடனம் இன்று மேடையேறும் வடிவில் எலிஜிதான் கடைசியில் வரும், ரஷ்ய ஆட்டம் அதற்கு முன். இசைத்தட்டில் வரிசை மாறியிருக்கிறதே என்று திகைக்க வேண்டாம், தட்டில் இருப்பதுதான் ஆசிரியர் வைத்த வரிசை.

த்வோர்ஷாக்கின் செரினேடோடு ஜோடி சேர்ந்த தட்டுகள் நிறைய இருப்பதால், வாங்கும்போது அந்தக் கணக்கும் வரும். 1875 மே மாதத்தில் இரண்டே வாரத்துக்குள் எழுதப்பட்ட அது இன்னும் நெருக்கமான, சேம்பர் இசை சாயலுள்ள படைப்பு. அதற்குப் பொருந்தும் குழுவின் அளவும் சைக்கோவ்ஸ்கிக்குப் பொருந்தும் அளவும் ஒன்றல்ல. ஜோடித் தட்டில் பெரும்பாலும் ஏதாவது ஒன்றுதான் சரியாக அமையும்: கரயான் 1980இல் த்வோர்ஷாக் கனத்துப்போகிறது, மாரினர் 1982இல் இரண்டில் த்வோர்ஷாக்கே மேல். இரண்டும் ஒரே தட்டில் வேண்டும், வேறு வழியில்லை என்றால் மாரினர் 1982ஐ எடுங்கள். சைக்கோவ்ஸ்கி மட்டும் போதுமென்றால், அரென்ஸ்கியோடு வரும் பார்பிரோலியிலிருந்து தொடங்குங்கள்.